பேய் வீடு என்கிறார்கள், குடிபோகலாமா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பது என் தொழில். ஓடு எத்தனை மாற்ற வேண்டும், செலவு எவ்வளவு ஆகும் என்ற பேச்சு முடிந்ததும் வீட்டுக்காரர்கள் குரலைத் தாழ்த்தி வேறு ஒன்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்கு இங்கே தீர்ப்பு கிடையாது. குடிபோகிற குடும்பம் எதை விசாரிக்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும், யாரிடம் ஏமாறக் கூடாது என்பது மட்டும்தான் விஷயம்.

அண்ணாச்சி, அந்த வீட்டுல பேய் இருக்குன்னு தெருவே சொல்லுது. நாங்க அட்வான்ஸ் குடுத்துட்டோம். குடிபோலாமா?

முதலில் அந்த வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் எப்படி வந்தது என்று பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் பாகப்பிரிவினை வழக்குதான் காரணம். அண்ணன் தம்பி சண்டை கோர்ட்டுக்குப் போகும். வீடு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கும், கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள், வாசலில் எருக்கு முளைக்கும். இருட்டாகக் கிடக்கிற வீட்டுக்குக் கதை தானாக வந்து சேரும். வாங்க வருகிறவர்களை விரட்டுவதற்காகப் பங்காளியே கிளப்பிவிட்ட கதைகளும் உண்டு. பின்வாசலில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறவர்களும் அந்தக் கதையைப் பத்திரமாகக் காப்பாற்றுவார்கள், அவர்களுக்கு இடம் வேண்டுமே.

இன்னொரு வகை, உண்மையிலேயே ஒரு துர்மரணம் நடந்த வீடு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். முதல் வகைக்கு ஓடு மாற்றி விளக்குப் போட்டாலே போதும். இரண்டாவதற்குக் கொஞ்சம் விசாரணை வேண்டும். விசாரித்த பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் போகாதீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விசாரிக்காமல் பயந்து அட்வான்ஸை விடாதீர்கள்.

நடந்தது என்னன்னு யாருகிட்ட போய்க் கேக்கது? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.

டீக்கடையில் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள், அந்தத் தெருவுக்குப் பல வருஷமாகப் பால் ஊற்றுகிறவரிடம் கேளுங்கள். "பேய் இருக்கா" என்று ஆரம்பித்தால் கதைதான் வரும். "கடைசியாக இங்கே யார் குடியிருந்தார்கள், எந்த வருஷம் காலி செய்தார்கள்" என்று ஆரம்பியுங்கள். பெயரும் வருஷமும் சொல்லத் தெரிந்தவர் பேச்சில் சரக்கு இருக்கும். "யாரோ ஒரு பொண்ணு, ரொம்ப காலத்துக்கு முன்னால" என்பது எல்லா ஊரிலும் சுற்றுகிற கதை.

அப்புறம் காகிதம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், ஆன்லைனிலும் எடுக்கலாம். ஒரே வீடு அடுத்தடுத்து குறைந்த விலைக்குக் கைமாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும் என்பதால், நடப்பு வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் உரிமையாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். சந்தேக மரணம் என்றால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை இருக்கும். பழைய வழக்கில் தீர்ப்பு வந்திருந்தால் கோர்ட்டில் நகல் மனு போடலாம். அந்தக் காகிதத்தைப் படித்தபின் பாதிப் பேருக்குப் பயம் போய், துக்கம் வந்துவிடுகிறது.

வீட்டை விக்கவங்க இதையெல்லாம் நம்மகிட்ட சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கா?

1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. அந்த வீட்டில் ஒரு சாவு நடந்ததா என்பதைப் பற்றி அதில் தனியாக ஒரு வரியும் இல்லை. வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். அதனால் சட்டத்தை நம்பி இருக்காமல், அக்ரிமெண்ட் போடும் முன்பே நேராகக் கேளுங்கள். முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னார் என்பது பிற்பாடு உங்கள் கையில் ஒரு பிடி.

ராத்திரி மச்சுல யாரோ நடக்காங்க. நானே என் காதால கேட்டேன்.

கேட்டிருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. ஓட்டு வீடானால் என் முதல் சந்தேகம் மரநாய் மேல்தான். நீளமான உடம்பு, நீண்ட வால், பகல் முழுக்க மச்சில் தூங்கிவிட்டு இருட்டியதும் கிளம்பும். பனையில் ஏறிக் கலயத்தில் வாய் வைக்கிற அதே ஜந்துதான். உத்திரத்தின் மேல் அது நடந்தால் ஆள் நடக்கிற மாதிரியே கேட்கும். காலையில் ஏறிப் பார்த்தால் பழக்கொட்டை கலந்த எச்சம் கிடக்கும். இல்லாத பூ வாசனை, இல்லாத பிண வாசனை என்று சொல்வதும் பல வீடுகளில் அதன் உபயம்தான். அடித்துக் கொல்லாதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, அது வெளியே போன நேரத்தில் அது நுழைகிற சந்துகளை அடைத்துவிட்டால் முடிந்தது.

குறட்டை, பாம்புச் சீறல், நடுச்சாமத்தில் ஒரு கிறீச்சிடல் என்றால் கூகை என்கிற ஆந்தை. வெள்ளை முகத்தோடு சத்தமில்லாமல் பறந்து போவதைப் பார்த்தால் யாருக்கும் குலை நடுங்கத்தான் செய்யும். முன்னிரவில் மட்டும் டக், டக் என்று கேட்டால் அது மரம். பகல் வெயிலில் காய்ந்த சட்டமும் ஓடும் குளிரும்போது சுருங்குகிற சத்தம்.

ஆனி, ஆடியில் மட்டும் கதவு தானாகத் திறந்து மூடுகிறது என்பார்கள். செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக அந்த மாதங்களில் வருகிற மேல்காற்றை நம்பித்தானே அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்? குடுமி தேய்ந்த கதவு அதற்கு எம்மாத்திரம். ஒரு வாரம் சத்தம் வந்த நேரத்தையும், காற்று இருந்ததா என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டைப் பார்த்தால் கொத்தனாருக்கே விஷயம் புரிந்துவிடும்.

பட்டாசல் (கூடம்) சுவத்துல ஒரு பொம்பள உருவம் தெரியுது. பெயிண்ட் அடிச்சாலும் திரும்ப வருது.

உப்பு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். காய்கிற இடத்தில் உப்புப் பூத்துத் திட்டுத்திட்டாகத் தெரியும். மனுஷக் கண் திட்டைப் பார்த்தால் முகத்தைத்தான் முதலில் தேடும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஊறிய வீடுகளில் இது நிறைய. பெயிண்டைச் சுரண்டி, சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள். செலவுதான். ஆனால் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடிக்கிற செலவு அதைவிட அதிகம்.

படுத்தா நெஞ்சுல ஏறி உக்காந்து அமுக்குது. கண்ணு முழிச்சிருக்கு, கைகால் அசையல.

அமுக்குவான் பேய் என்று நம் ஆச்சிமார் சொன்னது இதைத்தான். கனவு காணும் நேரத்தில் உடம்பு அசையாதபடி மூளை கட்டிவைத்திருக்கும். அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். அறையில் யாரோ நிற்கிற மாதிரித் தோன்றுவதும் இதில் சேர்த்திதான். மல்லாக்கப் படுக்கிறவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம் வரும். வீடு மாறிய புதிதில் யார்தான் ஒழுங்காகத் தூங்குகிறார்கள்? ஒருக்களித்துப் படுங்கள், ஒரே நேரத்தில் தூங்கப் போங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

குளிக்கப் போனா தலை சுத்துது. ரெண்டு பேரு மயங்கியே விழுந்துட்டாங்க. அந்த அறையிலதான் அவ செத்தாளாம்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் அவசரப்படுவேன். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறதா? இருந்தால் இப்போதே நிறுத்துங்கள். காற்றோட்டமில்லாத அறையில் கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம், அப்புறம் சாவு. 1921ல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதை வந்தது: புது வீட்டில் காலடிச் சத்தம், உருவங்கள், எல்லாருக்கும் தலைவலி. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை கெட்டுப்போய், அதன் புகை வீட்டுக்குள் பரவியிருந்தது. உலையைச் சரிசெய்ததும் பேய் போய்விட்டது.

கீசரை வெளியே மாற்றுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு வைப்பதும், வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவதும் இதே கணக்குதான். முன்பு அங்கே ஒருத்தி இறந்தாள் என்கிறீர்களே, அவளுக்கும் இதுதான் நடந்ததா என்று யாராவது பார்த்தார்களா என எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

கிணத்துல விழுந்து ஒருத்தி செத்தா. தூர் வார எறங்குன ஆளும் செத்தான். மூடிறலாமா?

இறங்கிய ஆள் செத்ததற்கு விஷவாயு காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பல வருஷம் புழங்காத கிணற்றில் சருகு அழுகி, அடியில் பிராணவாயு இல்லாமல் போய்விடும். ஒருவர் விழுந்தார் என்று அடுத்தவர் குதிப்பார், அவரும் போவார். விளக்கை இறக்கிப் பார்த்து அணைந்தால் இறங்காதே என்பது பழைய வழக்கம். ஆனால் விளக்கு எரிந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை, விளக்கை அணைக்காத விஷவாயுவும் உண்டு. ஆளை இறக்கவே இறக்காதீர்கள், தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். மூடுவது பற்றி என் அபிப்பிராயம்: வேண்டாம். வாயில் கனமான கம்பி வலை போட்டு, மழைத் தண்ணீரை அதில் விடுங்கள்.

தச்சுக் கழிக்கணுமா? பால் காய்ச்சினா போதாதா?

தச்சுக் கழிப்பது புது வீட்டுக்கு. வேலை முடிந்த ராத்திரி தச்சரும் கொத்தனாரும் கோழி அறுத்து, பூசணிக்காய் வெட்டி, மரத்தோடும் மண்ணோடும் வந்ததை வெளியே அனுப்புகிற சடங்கு. பழைய வீட்டில் உத்திரமோ நிலையோ மாற்றியிருந்தால் செய்யச் சொல்வார்கள். வெள்ளையடித்ததோடு சரி என்றால் பால் காய்ச்சினால் போதும். செய்கிறவர்களுக்கு வேட்டி, துண்டு, கூலி உண்டு, அதில் பேரம் பேசாதீர்கள். ஆயிரக்கணக்கில் கேட்டுப் பரிகாரப் பட்டியல் நீட்டுகிறவர் தச்சர் இல்லை, வேறு ஆள்.

நாங்க வேதக்காரங்க. எங்களுக்கும் இதெல்லாம் ஒட்டுமா?

மரநாய் மதம் பார்ப்பதில்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபை ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் செய்து குடிபோங்கள். மேலே சொன்ன கீசரும் கிணறும் எல்லாருக்கும் பொது.

செத்தவளுக்கு நாம ஏதாவது செய்யணுமா? நமக்கு சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல.

அநியாயமாகச் செத்தவர்களை விரட்டுவது நம் பக்கத்து வழக்கமில்லை. இடம் கொடுத்து உட்காரவைப்பதுதான் வழக்கம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் சாமியாக நிற்கும் பட்டவராயன் சண்டையில் பட்டுச் செத்தவன். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் அவனுக்குச் செருப்புக் காணிக்கை போடுகிறார்கள். இசக்கி அம்மன் கதைகளில் பலவும் வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண்ணின் கதைகள். அவளிடம்தான் பிள்ளைவரம் கேட்டுப் போகிறோம். வெள்ளைக்காரனுக்கும் இந்த மரியாதை கிடைத்தது: 1809ல் திருவிதாங்கூர் எல்லைக் கோட்டைச் சண்டையில் அடிபட்டுச் செத்த கேப்டன் போல் (Pole) என்ற அதிகாரியின் சமாதியில் சாராயமும் சுருட்டும் படைத்தார்கள் என்று இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார் எழுதியிருக்கிறார். அவன் மட்டும் யாருக்குச் சொந்தம்?

ஆகவே உறவு இல்லை என்பது தடையில்லை. பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி, அவள் இறந்த நாளில் ஒரு விளக்கு ஏற்றுங்கள், போதும். திதியும் தர்ப்பணமும் அவள் வீட்டாருக்கு உரியது, அதை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். பெற்ற தாயோ உடன்பிறந்தவர்களோ ஒருமுறை வந்து அந்த அறையைப் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த இப்படிப்பட்ட வீடுகளின் கதையைத் தோண்டினால், அடி தாங்காமலோ சீதனக் கொடுமையாலோ செத்த சின்ன வயசுப் பெண்தான் பெரும்பாலும் வருகிறாள். அடித்தவனைத் தெரு "பாவம் அவரு" என்கிறது. செத்தவளைப் பேய் என்கிறது. எனக்கு இது எரிச்சலாக இருக்கும். உங்கள் வீட்டிலாவது அந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

பின்வாசல்ல ஒரு மாடன் பீடம் இருக்கு. இடிச்சிட்டு கார் ஷெட் போடலாமா?

அவசரப்படாதீர்கள். அது யார் வணங்குவது என்று விற்றவரிடம் கேளுங்கள். சில குடும்பங்கள் வீட்டை விற்ற பிறகும் வருஷம் ஒருமுறை கொடைக்கு வருவார்கள். பத்திரத்தில் அதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்களே பீடத்திலிருந்து பிடிமண் (ஒரு பிடி மண்) எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் பீடம் போட்டுக்கொள்வது நம் பக்கம் வழக்கம்தான். அவர்கள் சம்மதத்தோடு நடந்தால் தெருவும் பேசாது. நீங்களாக இடித்தால், அடுத்த மாசம் உங்கள் பையனுக்குக் காய்ச்சல் வந்தாலும் தெரு அதற்குக் காரணம் சொல்லும். அந்தத் தொல்லை எதற்கு?

மை போட்டுப் பாத்தவரு, அரங்குக்குள்ள (வீட்டு உள்ளறை) புதையல் இருக்கு, அத காக்கதுதான் இதுன்னு சொல்லுதாரு.

அவரை வாசலோடு அனுப்புங்கள். முதலில் பூஜைச் செலவு, அப்புறம் ராத்திரி தோண்டுவது, அப்புறம் "பலி கேக்குது" என்று போகும். அரங்கின் தளத்தைத் தோண்டினால் அஸ்திவாரம்தான் கெடும். தப்பித்தவறி ஏதாவது கிடைத்தாலும் அது உங்கள் பெட்டிக்குப் போகாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம். பேச்சு பலி வரைக்கும் போய்விட்டால், குறிப்பாகப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினால், போலீஸுக்குப் போங்கள்.

எங்க மவ அந்த வீட்டுக்குப் போனதுல இருந்து வேற குரல்ல பேசுதா. கோடாங்கிட்ட கூட்டிட்டுப் போவவா?

முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. போவதற்குத் தயக்கம் என்றால் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள், இலவசம், தமிழில் பேசலாம். சாமி கும்பிடுவதையோ பள்ளிவாசலில், கோயிலில் விளக்குப் போடுவதையோ நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்தியத்தோடு சேர்த்துச் செய்யுங்கள். ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதி தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது.

அவளிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். வீடு மாறியதில் பள்ளிக்கூடம் மாறியதா? புது வீட்டுக்கு வந்துபோகிற யாராவது தொந்தரவு கொடுக்கிறார்களா? சொந்தக் குரலில் சொல்ல முடியாததை வேறு குரலில் சொல்கிற பெண் பிள்ளைகள் உண்டு. தொந்தரவு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள்.

அது தற்கொலை இல்ல, கொலைன்னு எங்களுக்குத் தோணுது. வீட்டைப் பிரிக்கும்போது ஒரு லெட்டரு கிடைச்சிருக்கு.

கையால் அதிகம் தொடாமல், கிடைத்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். அப்புறம் அந்த இடத்து வேலையை நிறுத்துங்கள். எலும்பு போல ஏதாவது கிடைத்தாலும் இதேதான். காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்கோ கமிஷனர் அலுவலகத்துக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் அப்போதே கோட்டாட்சியர் விசாரணை நடந்திருக்க வேண்டும். அந்த அறிக்கை நகலை அவள் வீட்டார் கேட்டு வாங்கலாம். லெட்டரை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், தெருவில் யாருக்கும் காட்டாதீர்கள். அவள் அம்மாவுக்கு அந்தச் செய்தி பார்வர்டாகப் போய்ச் சேரக் கூடாது.

பிள்ளைகள்ட்ட சொல்லணுமா?

நீங்கள் சொல்லாவிட்டால் பள்ளிக்கூட வேனில் சொல்லிவிடுவார்கள், அதுவும் தலைவிரி கோலத்தோடு. இங்கே ஒரு அக்கா இருந்தாள், கஷ்டப்பட்டாள், இறந்துபோனாள் என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

நாளைக்கு நாங்க விக்கும்போது, வாங்க வாறவங்ககிட்ட இதெல்லாம் சொல்லணுமா? விலை போவாதே.

சொல்லுங்கள். மூன்றாம் கேள்வியில் வாங்குகிறவராக இருந்து என்ன எதிர்பார்த்தீர்களோ, அதுதான் இப்போது உங்கள் முறை. ஒரு பைல் போட்டு வையுங்கள்: வில்லங்கச் சான்று, வழக்குக் காகித நகல், மச்சில் சந்து அடைத்த பில், சுவர் பூசிய பில், கீசர் மாற்றிய பில்.

விலை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு விழாது. பூட்டிக் கிடந்ததற்காகத்தான் உங்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. ஒரு குடும்பம் பல வருஷம் இருந்து, காதுகுத்தும் கல்யாணமும் நடத்திவிட்டால், தெரு அதை "டீச்சர் வீடு", "பேங்க்காரர் வீடு" என்று சொல்ல ஆரம்பித்துவிடும். தரகரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே விலை பேசச் சொல்லுங்கள். பழைய விஷயத்தை அட்வான்ஸ் வாங்கும் முன்பு, தரகர் மூலமாக இல்லாமல், நீங்களே வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.